மீன் தலை கிழக்கே பார்க்க வேண்டும்

ஒருவருடைய நாட்டை இன்னொருவருக்கு விளக்கிச் சொல்வது என் தொழில். இதில் விசேஷம் என்னவென்றால், அந்த இரண்டு நாட்டிலும் நான் பிறக்கவில்லை.

நான் மட்டக்களப்பில் பிறந்தவள். ஒஸ்லோவில், மூன்றே பேர் வேலை செய்கிற ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து, கொரியாவின் கலைகளையும் வழக்கங்களையும் பற்றி நோர்வேஜிய மொழியில் வருஷத்துக்கு நாலு முறை ஒரு சஞ்சிகை வருகிறது. அதில் கட்டுரை எழுதுவதும், வாசகர்களின் தொலைபேசி அழைப்புக்குப் பதில் சொல்வதும் என் வேலை. கணவர் ரவி கப்பல் பொறியியலாளர். அவருடைய கம்பனி அவரைத் தென்கொரியாவின் கோஜே தீவுக்கு நாலு வருஷம் அனுப்பியது. அவர் அங்கே கப்பல் கட்டினார். பொழுது போகாத நான் வெளிநாட்டவருக்கான இலவச வகுப்பில் கொரிய மொழி படித்தேன். திரும்பி வந்தபோது கப்பலைக் கம்பனி வைத்துக்கொண்டது, மொழி என்னோடு வந்துவிட்டது.

வெளிநாட்டில் வாழும் வாசகர்களே, உங்களுக்கும் இந்தத் தொழில் புதிதல்ல. மதிய இடைவேளையில் யாராவது பாண் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, "உங்கள் ஆட்கள் ஏன் தீ மிதிக்கிறார்கள்?" என்று கேட்பார்கள். அந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் ஒரு இனத்துக்கே பிரதிநிதி. பாதி தெரிந்ததையும் பாதி ஊகித்ததையும் சேர்த்து ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். அதையேதான் நானும் செய்கிறேன், சம்பளத்துக்கு.

ஆறு பேரில் ஒருத்தி

நேர்முகத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். ஆசிரியர் திருமதி சோ, கொரியாவின் சியோலில் பிறந்தவர், நோர்வேக்கு வந்து இருபத்தைந்து வருஷம். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் முகம் மாறிவிடும் என்று முன்னரே கேள்விப்பட்டிருந்தேன். அவர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. பார்லித் தேநீர் ஊற்றி ஒரு கோப்பையை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். கோஜே தீவின் காலநிலை பற்றி இரண்டு கேள்வி கேட்டார். முடிந்தது, போகலாம் என்றார். வேலை இல்லை என்று ரவிக்குச் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் காலை அழைப்பு வந்தது. வேலை எனக்குத்தான். நம்ப முடியாமல், என்ன காரணத்துக்காக என்னை எடுத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கும் தேநீர் கொடுத்தேன். கோப்பையை எங்கள் ஊர் மரியாதைப்படி இரண்டு கையாலும் வாங்கியது நீங்கள் ஒருத்திதான்."

ஊலே நிமிர்த்திய சாடி

எங்கள் மூன்றாமவர் ஊலே, பக்கம் வடிவமைப்பவர். நோர்வேக்காரர். நேர்கோட்டில் அசாத்திய நம்பிக்கை உள்ளவர். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் இதழில் கொரியாவின் நிலாச் சாடி பற்றிக் கட்டுரை. வெள்ளைப் பீங்கான், பெரிய உருண்டை, ஒரு பூ வேலைப்பாடு கிடையாது. அவ்வளவு பெரிய சாடியைச் சக்கரத்தில் ஒரே மூச்சில் வனைய முடியாது. இரண்டு பெரிய கிண்ணங்களை வனைந்து, வாயோடு வாய் வைத்து ஒட்டிச் சூளையில் இடுவார்கள். வேகும்போது பொருத்து கொஞ்சம் இறங்கும். அதனால் எந்தச் சாடியும் முழு வட்டமாக இராது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும்.

ஊலே அந்தச் சாய்வைப் படம் எடுத்தவரின் பிழை என்று நினைத்து, இரண்டு மணிநேரம் கணினியில் உட்கார்ந்து சாடியை நிமிர்த்திவிட்டார். அச்சுப்படியைப் பார்த்தார் திருமதி சோ. மூலப் படத்தையும் ஊலேயின் படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்களை அழைத்தார். நான் அதுவரை அந்தச் சாடியைப் பற்றி எழுதியிருந்தேனே தவிரப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நிமிர்த்திய சாடி கடையில் வாங்கிய மின்விளக்குக் கூடு மாதிரி இருந்தது. மற்றது மூச்சு விடுவதுபோல இருந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு குயவர் அந்தச் சாய்வைப் பார்த்து, இது போதும் என்று கையை எடுத்திருக்கிறார். அந்தக் கையை எடுக்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

ஊலே மன்னிப்புக் கேட்டார், பழைய படத்தையே போட்டார். ஒரு பிரதியை வீட்டுக்கும் கொண்டுபோனார். அடுத்த வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து சொன்னார்: "இப்போது மாமியார் கல்யாணத்துக்குத் தந்த சாடியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அது வட்டமாக இருக்கிறது."

தோட்டத்தில் கிம்ச்சி

லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் இருக்கிறார். எங்கள் சந்தாதாரர். குளிர் தொடங்குமுன் கொரியர்கள் ஊராகச் சேர்ந்து கோவாவுக்கு, அதாவது முட்டைக்கோசுக்கு, உப்பும் மிளகாயும் பூண்டும் தடவிக் கிம்ச்சி ஊறுகாய் போட்டு, சாடிகளை நிலத்தில் புதைத்துவைக்கும் வழக்கம் பற்றி நான் எழுதியிருந்தேன். மனிதர் அதைப் படித்துவிட்டுத் தனி ஆளாகப் பதினைந்து கோவா வாங்கிப் போட்டு, நவம்பரில் தோட்டத்தில் புதைத்துவிட்டார். சாடியின் வாய் நிலத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பதை நான் எழுதவில்லை. அது யாருக்கும் தெரியும்தானே என்று நினைத்தேன். அவர் உருளைக்கிழங்கு புதைக்கிற மாதிரி மேலே ஒரு முழம் மண் போட்டு மூடியிருக்கிறார்.

ஜனவரியில் நிலம் இரும்பாகிவிட்டது. அவர் தொலைபேசியில் போட்ட சத்தம் பக்கத்து மேசையில் ஊலேக்கும் கேட்டது. ஏப்ரல் மாதம் அவரே அலுவலகத்துக்கு வந்தார், கையில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் கிம்ச்சி. திருமதி சோ ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடியவர் அடுத்த துண்டை எடுக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை. எப்படி வெளியே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"மண்வெட்டி உடைந்துபோய்ப் பக்கத்து வீட்டில் கேட்டேன். பதினெட்டு வருஷமாக நாங்கள் 'ஹெய்' என்பதற்கு மேல் பேசியதில்லை. அவர் இன்னொருவரைக் கூட்டிவந்தார். போடும்போது நான் தனியாகத்தான் போட்டேன். தோண்டும்போது தெருவே வந்தது."

சரசக்காவின் தீர்ப்பு

கோயிலில் என்னைக் காணும் ஒவ்வொரு தடவையும் சரசக்கா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எங்கடை கதையை விட்டிட்டு ஏன் பிள்ளை கொரியாக்காரரின்ரை கதையை எழுதுறீர்? ஒஸ்லோவின் ஸ்டோவ்னரில் எங்கள் ஆட்களுக்கு ஏதும் ஒன்று என்றால் முதலில் நிற்பவர் அவர். அவரோடு வாதாடி யாரும் வென்றதில்லை. நான் சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

சென்ற குளிர்காலத்தில் அன்னதான வரிசையில் பிடித்துக்கொண்டார். இப்ப என்ன எழுதுறீர் என்றார். கொரியர்கள் இறந்தவர்களின் ஆண்டு நாளில் செய்கிற ஜேசா பற்றி என்றேன். படம் வைத்து, சோறு கறி பழம் படைத்து, விழுந்து கும்பிட்டு, பிறகு எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள் என்று விளக்கினேன். சரசக்கா தட்டை ஏந்தியபடியே யோசித்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வியப்பை நான் பார்த்ததில்லை.

"செத்த ஆக்களுக்குச் சோறு வைக்கிறவையோ? அப்ப பிறகென்ன, எங்கடை ஆக்கள்தானே!"

நான் எழுதிய ஒரு வரி

எங்கடை ஆக்கள்தானே என்ற நினைப்போடு போய் உட்கார்ந்து எழுதினால் என்ன நடக்கும்? கை தானாக எழுதும். என் கையும் எழுதியது. "அன்றைய தினம் வீட்டில் மீனோ இறைச்சியோ சமைப்பதில்லை, படையலில் அவற்றை வைப்பது பெரிய குற்றம்." எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல், யாரையும் கேட்காமல், சந்தேகம் என்ற ஒன்றே இல்லாமல் எழுதினேன். திவசத்தன்று மச்சம் சமைப்பார்களா யாராவது? திருமதி சோ அப்போது கொரியாவில், புசானில் தங்கை வீட்டில் இருந்தார். வேறு யாருக்கும் பிழை பிடிக்கத் தெரியாது. இதழ் அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டது.

மார்ச் மாதம் எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஒரு பெண் அழைத்தார். பெயர் ஹில்டே, ஐம்பத்திரண்டு வயது. கொரியாவில் பிறந்து, இரண்டு வயதில் நோர்வேயின் வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் ஒரு மீனவர் குடும்பத்துக்குத் தத்து வந்தவர். அம்மா முன்னமே இறந்துவிட்டார். அப்பா கடைசி ஆறு வருஷம் மகளோடு இருந்து, போன வருஷம் மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். முதல் ஆண்டு நாள் அடுத்த வாரம் சனிக்கிழமை. "கண்ணாடியில் பார்க்கிற முகத்தைத் தவிர என்னிடம் கொரியா என்று எதுவுமில்லை. தெரிந்ததெல்லாம் உங்கள் சஞ்சிகையில் படித்ததுதான்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே கொரியாவை எழுதியது நான்.

படையல் பற்றிய கட்டுரையை நாலு முறை படித்தாராம். இதையாவது அப்பாவுக்குச் செய்வோம் என்று தோன்றியதாம். பிறகு அந்த வரிக்கு வந்தார்.

"என் அப்பா ஒரு நாளும் மீன் இல்லாமல் சாப்பிட்டதில்லை. முதல் வருஷமே அவரைப் பட்டினி போடச் சொல்கிறீர்களா?"

சிவப்புப் பென்சில்

அழைப்பு முடிந்ததும் புத்தகங்களை இறக்கினேன். ஐந்து நிமிஷம் போதும், முதலிலேயே செய்திருக்கலாம். ஜேசாப் படையலில் மீன் வைக்கலாம் என்பதல்ல, வைத்தே ஆக வேண்டும். மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. மீனின் தலை கிழக்கே பார்க்க வேண்டும். விலக்கப்பட்டது காரமும் பூண்டும்தான். கொரியாவின் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டு வழக்கத்தை நோர்வே முழுவதற்கும் நான் விற்றிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. உடனே ஹில்டேயை அழைத்துப் பிழை என்னுடையது, மீன் கட்டாயம் வையுங்கள் என்றேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். அப்புறம் கேட்டார்: மூத்த மகன்தான் செய்வது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் பிழையா? நான் மகள். இறந்தவர் நோர்வேக்காரர். நான் செய்தால் அது ஜேசாவா, விளையாட்டா?

திருமதி சோ திங்கட்கிழமை புசானிலிருந்து திரும்பினார். இதழையும் என் தலையையும் சேர்த்து நீட்டினேன். அவர் அந்த வரியைப் படித்தார், சிவப்புப் பென்சிலால் சுற்றி வட்டம் போட்டார். இது எங்கிருந்து வந்தது என்றார். எங்கள் வீட்டிலிருந்து என்றேன். வேலை போனாலும் பரவாயில்லை, அந்தப் பெண்ணிடம் "உனக்கு உரிமை இல்லை" என்று இவர் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம். மரபில் ஒரு மயிரிழை பிசகவும் விடாதவர் அவர். ஹில்டே கேட்டதை ஒன்று விடாமல் சொன்னேன்.

பென்சிலை வைத்துவிட்டு நாட்காட்டியைத் திருப்பினார். "சனிக்கிழமையா? முழு மீனாக வாங்கச் சொல்லுங்கள். தலை இருக்க வேண்டும். அரிசியை நான் கொண்டுவருகிறேன்."

கடையில்

நோர்வேயில் மீனைத் தலையோடு தேடுவது அவ்வளவு லேசில்லை. சுப்பர்மார்க்கெட்டில் எல்லாம் தோலுரித்த வெள்ளைத் துண்டுகள். எங்கள் தமிழ்க் கடைக்குத்தான் போனேன். கடைக்காரத் தம்பி நல்ல கொட் மீன் ஒன்றைத் தூக்கிப் பலகையில் போட்டுக் கத்தியை ஓங்க, வெட்ட வேண்டாம், ஒரு செதிலும் குறையாமல் தா என்று கத்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் மீனை இரண்டு கையிலும் ஏந்தி, காகிதத்தில் மெதுவாகச் சுற்றினான்.

"இருவது வருஷமா என்னட்டை வாங்கிறியள் அக்கா. ஒரு மீனுக்கு நீங்கள் மரியாதை குடுத்து இண்டைக்குத்தான் பாக்கிறன்."

எது வடக்கு

எல்லிங்ஸ்ருட்டில் ஆறாம் மாடி. ஹில்டே தரையைக் கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தார். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அப்பாவின் படம்: தொப்பி, சிவந்த மூக்கு, கண்ணில் குறும்பு. பக்கத்தில் ஒரு போத்தல் கிம்ச்சி. கொரியா என்றால் அதுதானே என்று வாங்கியிருக்கிறார். திருமதி சோ அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். கறுப்புச் சட்டையில் அவர் வேறு ஆளாகத் தெரிந்தார். ஹில்டே பழைய கேள்வியை மறுபடி கேட்டார், மகள் செய்யலாமா என்று. "என் கணவர் வீட்டில் பதினாறு ஜேசாவுக்குச் சமைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட மதுக் கிண்ணத்தைத் தொட என்னை விட்டதில்லை" என்று மட்டும் சொல்லி, திருமதி சோ கிண்ணத்தை ஹில்டேயின் கையில் வைத்தார்.

சோறு, சூப், பழம், இறைச்சி எல்லாம் வரிசையில் ஏறியது. சாப்பிடும் குச்சிகளுக்குப் பக்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டியும் வைக்கலாமா என்று ஹில்டே கேட்டார். திருமதி சோ யோசித்து, சரி என்று தலையசைத்தார். கடைசியில் மீன். இந்த முறை பிழை விடுவதில்லை என்று நான் தொலைபேசியில் திசைகாட்டியைத் திறந்து அறை முழுக்கச் சுற்றினேன். கிழக்கு, குளியலறைப் பக்கம் இருந்தது. மேசையைத் திருப்பினால் சோபா இடிக்கும். சோபாவை நகர்த்தினால் கதவு திறக்காது. நான் வியர்த்துக்கொண்டிருக்க, திருமதி சோ என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி அணைத்தார். ஜேசாவில் திசைகாட்டி கிடையாது, இறந்தவர் எங்கே அமர்கிறாரோ அதுதான் வடக்கு, மற்றத் திசைகள் அவரைப் பார்த்து அமையும் என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருக்கிற இடத்தையே வடக்காக்கிவிடுகிற ஒரு வழக்கம்! நாடு விட்டு நாடு வந்த என்னைப் போன்றவளுக்கு இதை யாராவது இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். ஹில்டே படத்தைப் பார்த்தார், நிமிர்த்தி வைத்தார்.

"நாற்பது வருஷம் வடக்குக் கடலில் மீன் பிடித்தவர். அவரை ஒஸ்லோவுக்குக் கூட்டிவந்துவிட்டேனே என்று ஏழு வருஷமாகக் குற்ற உணர்வோடு இருந்தேன்."

கதவுக்கு வெளியே

ஹில்டே மது ஊற்றினார். இரண்டு முறை நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினார். எழும்பும்போது முழங்கால் பிடித்துக்கொண்டது, சிரித்துவிட்டார், பிறகு அழுதார். திருமதி சோ கரண்டியைச் சோற்றில் நிறுத்தி, முள்ளுக்கரண்டியை மீன்மேல் வைத்தார். பின்பு எங்களை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினார். வந்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று, ஒன்பது வாய் உண்ணும் நேரம் வெளியே நிற்பார்களாம். எங்கள் வீட்டிலும் படையல் போட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அதை நான் எழுதியிருக்கவே இல்லை. பிழையானதை எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து எடுத்தவள், சரியான ஒன்றை விட்டுவிட்டேன்.

ஒடுக்கமான நடையில் மூன்று பெண்களும் சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் தோள் உரச நின்றோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆனால் உள்ளே யாரும் இல்லை என்று என்னிடம் அந்த நேரம் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். திரும்ப உள்ளே போகுமுன் மூன்று முறை இருமி, வருகிறோம் என்று காட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர் ஹில்டேதான். ஒன்பது வாய்க்கான நேரம் ஆனது. திருமதி சோ தலையசைத்தார். ஹில்டே தொண்டையைச் சரிசெய்தார், கைப்பிடியில் கை வைத்தார், கையை எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. காற்புள்ளிக்கே கோபிக்கிற திருமதி சோ அசையவில்லை. ஹில்டே எங்கள் பக்கம் திரும்பி, உள்ளே கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்பா முள் எடுத்து எடுத்து, மெதுவாகத்தான் சாப்பிடுவார். இன்னும் கொஞ்சம் பொறுப்போம்."

ஒரு நாட்டை இன்னொரு நாட்டுக்கு அறிமுகப்படுத்துகிறேன் என்று இத்தனை வருஷம் பக்கம் பக்கமாக எழுதிய நான், உருப்படியாகச் செய்த ஒரே வேலை, ஒரு மீனவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சப்பாத்துகளுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றதுதான்.